மூன்றாம் பொத்தானில் என்ன இருந்தது?

கிறிஸ்துமஸ் அன்று அதிகாலை நாலு மணி ஆராதனை. திருநெல்வேலிப் பக்கம் நடுத்தரமான ஒரு சபை. கோயில் நிறைந்து வாசலிலும் நாற்காலி போட்டிருந்தார்கள். பவனிப் பாமாலை நன்றாகவே போனது. அடுத்தது கீர்த்தனை. ஆர்கன், அதாவது கீபோர்ட், வாசிக்கும் அண்ணாச்சி மூன்றாம் பொத்தானை அழுத்திவிட்டு முன்னிசையைத் தொட்டார். இரண்டாவது தாளக்கட்டிலேயே அவர் முகம் மாறிவிட்டது. சுருதி ஏறி நின்றது, தாளமும் வழக்கத்தைவிட ஓடியது.

நான் அன்று வயலினோடு அவருக்கு இரண்டடி தள்ளி நின்றேன். இரண்டரைக் கட்டைச் சுருதியில் பாட வேண்டிய கீர்த்தனை நாலு கட்டையில் போனது. சபை விட்டுக்கொடுக்கவில்லை. பெண்கள் பக்கம் தூக்கிப் பிடித்தது; ஆண்கள் பக்கத்தில் வயதானவர்கள் அனுபல்லவியில் கீழ் ஸ்தாயிக்கு இறங்கிக்கொண்டார்கள். எப்படியோ நாலு சரணமும் முடிந்தது.

அதற்குப் பிறகு வந்ததுதான் பெரிய அடி. விளக்கை அணைத்து, பாடகர் குழு மெழுகுவர்த்தியோடு நின்றது. அது சிறப்புப் பாடல். நோட்டில் மூன்று பிளாட், அதாவது ஈ பிளாட் மேஜர் சுருதி. அண்ணாச்சிக்கு டி மேஜரில் விரல் நன்றாக ஓடும், அதனால் அதில் வாசித்து, கருவியே சுருதியைக் கூட்டிக் குறைக்கும் ட்ரான்ஸ்போஸ் வசதியில் ஒன்று, அதாவது அரைக்கட்டை, ஏற்றிக்கொள்வார். ஒரு மாதமாக அப்படித்தான் பழகியிருந்தோம். நாலாம் பொத்தானை அழுத்தினார். நானும் அவரும் ஒன்றாக எடுத்தோம். என் வயலின் நோட்டில் உள்ள சுருதியில். ஆர்கன் அதற்கு அரைக்கட்டை கீழே. இடது கை பட்டதுமே டிரம்ஸும் கிளம்பிவிட்டது. அரைக்கட்டை இடைவெளியில் இரண்டு கருவி சேர்ந்து ஒலித்தால் காதில் கம்பி இழுத்த மாதிரி இருக்கும். நான் வில்லைத் தூக்கிவிட்டேன். அண்ணாச்சி ஸ்டாப் பொத்தானை இருட்டில் தடவித் தேடி அழுத்தினார். பாடகர் குழுத் தலைவி திரும்பிப் பார்த்து, எனக்குத் தலையை அசைத்தார். வயலினை மட்டும் வைத்துக்கொண்டு பாடி முடித்தோம்.

காணிக்கைப் பாடலுக்கு ஐந்தாம் பொத்தான். கோப்பைக் காணோம் என்று திரையில் வந்தது. அதோடு அண்ணாச்சி பொத்தான் பக்கமே கையைக் கொண்டுபோகவில்லை. ஆராதனை முடிகிற வரை ஒன்றாம் பொத்தானில் இருந்த ஒரே ஆர்கன் ஒலியில், தாளம் இல்லாமல், எல்லாவற்றையும் வாசித்தார்.

இரண்டு நாள் கழித்து மூன்று பேர் அந்தக் கருவி முன்னால் உட்கார்ந்தோம்: அண்ணாச்சி, வாலிபர் சங்கத்தில் கீபோர்ட் வாசிக்கும் தம்பி, நான். யார் தப்பு என்று பார்க்க உட்காரவில்லை. ஒரே ஆராதனையில் மூன்று பொத்தான் மூன்று விதமாகக் காலை வாரியது எப்படி என்று எங்களுக்குத் தெரிய வேண்டியிருந்தது. அங்கே கண்டதைத்தான் எழுதுகிறேன். சிறிய சபைகளில் ஒரே கீபோர்டை நாலு பேர் தொடுவது எங்கும் உண்டு, அவர்களுக்கு இது உதவும்.

கருவியும் பொத்தானும்

எங்கள் பக்கம் கீபோர்டைத்தான் ஆர்கன் என்கிறோம். இது அழுத்தி வாசிக்கும் கட்டைகள் 61 உள்ள அரேஞ்சர் வகை. இடது கையில் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) பிடித்தால் தபலா, பேஸ், கிடார் எல்லாம் தானாகச் சேர்ந்து வரும். முகப்பில் ஒன்று முதல் எட்டு வரை வரிசையாக ரெஜிஸ்ட்ரேஷன் பொத்தான்கள். மெமரி பொத்தானை அழுத்திவிட்டு ஒரு எண்ணை அழுத்தினால், அந்த நிமிடத்தில் முகப்பு எப்படி இருக்கிறதோ அப்படியே அந்த எண்ணுக்குள் போய்விடும். பிறகு எண்ணை மட்டும் தொட்டால் திரும்பி வரும். எட்டும் சேர்ந்தது ஒரு பேங்க். பேங்கைத் தனிக் கோப்பாகப் பெயர் கொடுத்துச் சேமிக்கலாம்.

அண்ணாச்சியின் பேங்குக்கு ஞாயிறு என்று அர்த்தம் வரும் பெயர். ஒன்று பாமாலைக்கு, சர்ச் ஆர்கனோடு கொஞ்சம் ஸ்ட்ரிங்ஸ். இரண்டு ஆதி தாளக் கீர்த்தனை. மூன்று திஸ்ர நடைக் கீர்த்தனை. நாலு பாடகர் குழு, ஐந்து காணிக்கை. ஆறு திருவிருந்து நேரத்துக்கு, மெல்லிய புல்லாங்குழல் ஒலி. ஏழு பிள்ளைகள் பாட்டு. எட்டைக் காலியாக வைத்திருந்தார். பொத்தான்களுக்குக் கீழே வெள்ளை டேப் ஒட்டி பால்பாயிண்ட் பேனாவால் எழுதியிருந்தார். வருஷக்கணக்கில் விரல் பட்டுப் பட்டு மூன்றின் மேலிருந்த எழுத்து பாதி அழிந்திருந்தது.

பெரும்பாலானவர்கள், அண்ணாச்சி உட்பட, பொத்தானுக்குள் ஒரு ஒலி இருக்கிறது என்றே நினைக்கிறார்கள். பொத்தானுக்குள் ஒலி இல்லை. எந்த வாய்ஸ் (ஒலி), எந்த ஸ்டைல் (தாளப் பின்னணி), டெம்போ (வேகம்) எவ்வளவு, ட்ரான்ஸ்போஸ் எவ்வளவு, இடது கைப் பிரிவு எந்தக் கட்டையில், எது எவ்வளவு சத்தம், சிங்க் ஸ்டார்ட் (இடது கை பட்டதும் தாளம் தானாகக் கிளம்பும் வசதி) போட்டிருக்கிறதா என்ற பட்டியல்தான் உள்ளே இருக்கிறது. வாய்ஸும் ஸ்டைலும் இருக்கும் இடத்தின் விலாசத்தைத்தான் அது வைத்துக்கொள்கிறது. விலாசத்தில் ஆள் இருந்தால் கூப்பிட்டதும் வருவார். வீடு மாறிவிட்டால் வரமாட்டார். இந்த ஒன்று புரிந்ததும் அன்று காலை நடந்ததில் பாதி விளங்கிவிட்டது.

மின்னணு இசைக் கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் மிடி (MIDI) முறையும் இதே கதைதான். 1983-இல் வந்த அந்த முறையில், ஒரு கருவி இன்னொன்றிடம் ஒலியை மாற்றச் சொல்லும்போது ஒலியை அனுப்புவதில்லை, 0 முதல் 127-க்குள் ஒரு எண்ணைத்தான் அனுப்புகிறது. அந்த எண்ணில் என்ன இருக்கிறது என்பது வாங்கும் கருவியின் கையில். ஆளுக்கொரு வரிசை வைத்துக் குழம்பியதால்தான் 1991-இல் ஜெனரல் மிடி என்று 128 ஒலிகளுக்குப் பொது வரிசை போட்டார்கள். அதில் 20-ஆவது சர்ச் ஆர்கன், 21-ஆவது ரீட் ஆர்கன். நம் ஆர்மோனியத்துக்கு நெருங்கிய ஒலி வேண்டும் என்றால் பலரும் போய் நிற்பது அந்த 21-இல்தான்.

மூன்று பொத்தான், மூன்று காரணம்

முதலில் மூன்றாம் பொத்தான். டிசம்பர் 22, 23 இரண்டு இரவும் கேரல் ரவுண்ட்ஸ், வீடு வீடாகப் போய்க் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடுவது. கீபோர்டை லோடு ஆட்டோவில் ஏற்றித் தம்பிதான் கொண்டுபோனான். அவனுக்குத் தனி பேங்க் உண்டு, தன் பென்டிரைவில் வைத்திருந்தான். ஆனால் முதல் நாள் இரவு ஒரு வீட்டில் பெரியவர் ஒருவர் கீர்த்தனை பாடச் சொல்லியிருக்கிறார். தம்பியின் பேங்கில் கீர்த்தனை கிடையாது. அதனால் அண்ணாச்சியின் பேங்கைத் திறந்து மூன்றை அழுத்தியிருக்கிறான். அண்ணாச்சி அதில் ட்ரான்ஸ்போஸ் மூன்று வைத்திருந்தார். சி-யில் வாசித்தால் இரண்டரைக் கட்டை கேட்கும். ரவுண்ட்ஸ் வந்த பிள்ளைகளின் குரலுக்கு அது கீழே இருந்தது. தம்பி ஐந்தாக ஏற்றினான், டெம்போவையும் கூட்டினான். அடுத்த வீட்டிலும் கேட்டால் தேவைப்படுமே என்று மெமரியை அழுத்தி மூன்றில் போட்டான். கருவியை அணைக்கும் முன்னால் பொறுப்பாகக் கோப்பையும் சேமித்தான்.

“சார், நான் சேவ் பண்ணினேன். அதுதான் தப்பாப் போச்சா?” என்று கேட்டான்.

நாலாம் பொத்தானை ஆராய்ந்ததும் அதற்குப் பதில் கிடைத்தது. அதில் இருந்தது ஆகஸ்டில் வாலிபர் ஞாயிறுக்காகப் போட்டு வைத்த அமைப்பு: வேகமான டிரம்ஸ், சிங்க் ஸ்டார்ட், ட்ரான்ஸ்போஸ் பூஜ்யம். கிறிஸ்துமஸுக்கென்று டிசம்பர் முதல் வாரத்தில் அண்ணாச்சி நாலை மாற்றி அமைத்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, நானும் பக்கத்தில் இருந்தேன். மெமரி, நாலு, அவ்வளவுதான் அழுத்தினார். பேங்கைக் கோப்பாகச் சேமிக்கவில்லை. கருவியை அணைத்துப் போட்டாலும் அது போகவில்லை, ஏனென்றால் கடைசியாக முகப்பில் இருந்த எட்டையும் அந்தக் கருவி நினைவில் வைத்துக்கொள்ளும். மூன்று வாரம் ஒழுங்காக வந்தது. அதனால் அது பத்திரமாக இருக்கிறது என்று நாங்கள் இருவருமே நம்பிவிட்டோம்.

வேறொரு பேங்கைத் திறக்கும்வரைக்கும்தான் அந்தப் பத்திரம். 22-ஆம் தேதி தம்பி தன் பேங்கைத் திறந்தபோது, மாற்றங்களைச் சேமிக்கவா என்று கருவி கேட்டிருக்கிறது. அவன் ஒன்றும் மாற்றவில்லையே, அதனால் வேண்டாம் என்று அழுத்தினான். அண்ணாச்சியின் மூன்று வார வேலை அந்த இடத்தில் போனது. பிறகு ஞாயிறு பேங்கைத் திறந்தபோது கோப்பில் எழுதியிருந்த ஆகஸ்ட் நிலைதான் வந்தது. அவன் கடைசியில் சேமித்ததும் அதைத்தான். எல்லாம் முடிந்து 23 இரவு, நன்றியோடு அதே பேங்கைத் திறந்து வைத்தே கருவியைக் கோயிலில் இறக்கியிருக்கிறான். திரையில் பழைய பெயர், பொத்தானுக்குக் கீழே பழைய டேப். யாருக்கும் சந்தேகம் வர வழியில்லை.

அண்ணாச்சி கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: “நீ சேவ் பண்ணினே, நான் பண்ணலை. ரெண்டும் சேர்ந்துதாம்ல இப்படி ஆச்சு.”

ஐந்தாம் பொத்தானுக்கு விசாரணையே தேவைப்படவில்லை. காணிக்கைப் பாட்டுக்கான தாளத்தை அண்ணாச்சி பென்டிரைவில் வைத்திருந்தார். 24 மாலை வீட்டுக் கம்ப்யூட்டரில் அந்தப் பென்டிரைவை ஒழுங்குபடுத்தி, சிதறிக் கிடந்த கோப்புகளை ஒரு புது ஃபோல்டருக்குள் போட்டார். கோப்பு அங்கேயேதான் இருந்தது. விலாசம் மாறிவிட்டது.

இவை எல்லாம் 24-ஆம் தேதியே தெரிந்திருக்க வேண்டும். ஆனால் அன்று கோயிலில் ஜோடனை வேலை நடந்ததால் கடைசி ஒத்திகையைக் குழுத் தலைவி வீட்டில், வயலினை மட்டும் வைத்துப் பாடிப் பார்த்தோம். அதிகாலை மூன்றரைக்கு அண்ணாச்சி ஒன்றாம் பொத்தானை அழுத்தி மைக் செட்டுக்காரரிடம் சத்தம் சரியா என்று கேட்டார். சரி என்றார். ஆனால் ஒன்று யார் கையும் படாமல் இருந்த பொத்தான்.

ஹாமண்டின் ஒன்பது எண்கள்

மீட்பு வேலைக்குப் போகும் முன்னால் ஒரு பழைய கருவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது எனக்கு மிகவும் பிடித்த கருவி. இந்த நிகழ்வைப் புரிந்துகொள்ளவும் அதுதான் உதவியது.

1935-இல் அமெரிக்காவில் லாரன்ஸ் ஹாமண்ட் தன் மின் ஆர்கனை விற்பனைக்குக் கொண்டுவந்தார். குழாய் ஆர்கன் வாங்க முடியாத தேவாலயங்கள் நிறைய வாங்கின. அதில் ஒலியை அமைக்க டிராபார் என்ற இழுக்கும் தண்டுகள், ஒரு தொகுதிக்கு ஒன்பது. ஒவ்வொன்றையும் பூஜ்யத்திலிருந்து எட்டு வரை இழுக்கலாம். கணக்குப் போட்டால் 38 கோடிக்கு மேல் சேர்க்கைகள் வரும். பிடித்த ஒலியைத் திரும்பக் கூப்பிடவும் வழி வைத்திருந்தார்கள். 1954-இல் வந்த புகழ்பெற்ற பி-3-யிலும் அதைப் பார்க்கலாம்: ஒவ்வொரு கட்டை வரிசைக்கும் இடது ஓரத்தில் நிறம் தலைகீழான பன்னிரண்டு கட்டைகள், வெள்ளை இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பு, கறுப்பின் இடத்தில் வெள்ளை. அவை இசைக்காத கட்டைகள். ஒன்றை அழுத்தினால் கீழேயே நின்றுகொள்ளும், முன்னால் அழுத்தியது எழும்பிவிடும். முதல் கட்டை எல்லாவற்றையும் ரத்து செய்யும். கடைசி இரண்டு, கண்முன்னே இருக்கும் டிராபார்களைக் கூப்பிடும். நடுவில் உள்ள ஒன்பதும் முன்பே அமைத்த ஒலிகள்.

அந்த ஒன்பதை மாற்ற வேண்டும் என்றால் கருவியின் முதுகுப் பலகையைக் கழற்றி, உள்ளே திருகாணியில் மாட்டியிருக்கும் வண்ண வயர்களை ஒவ்வொன்றாக எடுத்து வேறு அளவுக்கு மாற்றி முடுக்க வேண்டும். கேரல் ரவுண்ட்ஸில் ஒருவர் அவசரத்தில் அழிக்க முடியாத நினைவு அது. சிரமம்தான், ஆனால் அந்தச் சிரமமே காவலாகவும் இருந்தது.

அதைவிட நான் மதிப்பது அவர்கள் எழுதிவைத்த முறையை. ஒன்பது தண்டுகளின் அளவை ஒன்பது இலக்கமாக எழுதுவார்கள்: 88 8000 000 என்றால் முதல் மூன்றும் முழுக்க வெளியே, மற்றவை உள்ளே. ஜாஸ் கலைஞர் ஜிம்மி ஸ்மித்தின் ஒலி என்று உலகம் அடையாளம் காண்பது இந்த எண்ணைத்தான். நோட்டின் ஓரத்தில் பென்சிலால் குறித்தால் போதும். எந்த ஊரில் எந்த ஹாமண்ட் முன்னால் உட்கார்ந்தாலும் அதே அமைப்பை இழுத்துக்கொள்ளலாம். பென்டிரைவ் வேண்டாம், பேங்க் வேண்டாம்.

நினைவு மின்னணுவுக்குள் போனது பிறகு. 1978-இல் டேவ் ஸ்மித்தின் சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸ் கொண்டுவந்த ப்ராஃபெட்-5 சிந்தசைசரில் 40 அமைப்புகளைப் போட்டு வைத்து, ஒரு பொத்தானில் கூப்பிட முடிந்தது. மேடையில் வாசித்தவர்களுக்கு அது பெரிய விடுதலை. ஆனால் அந்த நினைவைத் தாங்கியது உள்ளே இருந்த ஒரு பேட்டரி. அது தீர்ந்தால் நாற்பதும் போகும். ஜப்பானில் யமாஹாவின் எலெக்டோன் ஆர்கன் வாசிப்பவர்கள் வேறு வழிக்குப் போனார்கள். அங்கே ஒரு பாட்டின் நோட்டுக்குப் பொருத்தமான ரெஜிஸ்ட்ரேஷனே தனியாக விற்பனைக்குக் கிடைக்கும். வாசிப்பவர் தன் அமைப்புகளைக் கையோடு கொண்டுபோய் மேடையில் இருக்கும் கருவியில் ஏற்றிக்கொள்வார். கருவி பொதுவானது, அமைப்பு வாசிப்பவருடையது என்ற தெளிவு அதில் இருக்கிறது. எங்கள் சபையில் இல்லாமல் போனது அந்தத் தெளிவுதான்.

அண்ணாச்சியின் நோட்டு

போன அமைப்பை எப்படித் திரும்பக் கொண்டுவருவது? தம்பி கருவிக்குள் தேடிப் பார்த்தான். பழைய பிரதி எதுவும் இல்லை. அப்போது அண்ணாச்சி தன் பாமாலைப் புத்தகத்துக்குள்ளிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்தார். எண்ணெய்க் கறை பட்ட அட்டை. உள்ளே பக்கத்துக்கு ஒரு பொத்தான் என்று பிரித்து, பள்ளிக்கூட வாத்தியாருக்கே உரிய சீரான கையெழுத்தில் இப்படி எழுதியிருந்தது:

“3. திஸ்ரம். ரீட் ஆர்கன், கூட ஸ்ட்ரிங்ஸ் மெதுவாக. தபலா. 84. +3.”

கீழே சிவப்பு மையில்: “அம்மாமாருக்கு இது சரி. ஏற்ற வேண்டாம்.”

நாலாம் பக்கத்தில் ஆகஸ்ட் அமைப்பை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, டிசம்பர் அமைப்பை எழுதி வைத்திருந்தார். கருவியில் சேமிக்காததை நோட்டில் சேமித்திருந்தார். எனக்கு அந்த இடத்தில் 88 8000 000 தான் ஞாபகம் வந்தது. வேறு கண்டம், வேறு இசை. ஆனால் பிடித்த ஒலியைக் கருவிக்கு வெளியேயும் வைத்திருக்க வேண்டும் என்று இரண்டு பேருக்கும் தெரிந்திருக்கிறது.

மறு அமைப்புக்கு இரண்டு மாலை பிடித்தது. வாய்ஸ், ஸ்டைல், டெம்போ, ட்ரான்ஸ்போஸ் எல்லாம் நோட்டைப் பார்த்துப் பத்து நிமிஷத்தில் வந்துவிட்டன. இழுத்தடித்தது சத்த அளவுகள்தான். ‘மெதுவாக’ என்று எழுதியிருந்த ஸ்ட்ரிங்ஸ் எவ்வளவு மெதுவாக? தம்பி 60 வைத்தான், அண்ணாச்சி தலையை ஆட்டவில்லை. 50, 45. “இன்னும் உள்ள போகட்டும். பாட்டு நின்ன பிறகுதான் அது இருந்ததே தெரியணும்.” 38-இல் கண்ணை மூடிக்கொண்டார். தம்பி நோட்டை வாங்கி, ‘மெதுவாக’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் 38 என்று எழுதினான்.

எது மாறியது

பேங்குகள் இப்போது மூன்று. ஆராதனைக்கு ஒன்று, அது அண்ணாச்சி மட்டும் மாற்றுவது. பண்டிகைக்கு ஒன்று. வாலிபர் சங்கத்துக்கு ஒன்று. ரவுண்ட்ஸில் கீர்த்தனை கேட்டால் என்ன செய்வது என்ற கேள்விக்கே இடமில்லாமல், மூன்றாம் பொத்தானின் பிரதி ஒன்றை அதிலும் போட்டுவிட்டோம், பிள்ளைகள் சுருதியில்.

ட்ரான்ஸ்போஸ் உள்ள அமைப்பின் பெயரிலேயே அந்த எண் இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன். பொத்தானை அழுத்தியதும் திரையில் பெயரோடு +3 என்று வரும். வாசிக்கத் தொடங்கும் முன்னால் கண் அதில் பட்டுவிடும். இருட்டில் ஸ்டாப் பொத்தானைத் தடவித் தேடிய அந்த நேரம் இனி வராது.

ஃப்ரீஸ் வசதியைப் பயன்படுத்தலாமே என்றான் தம்பி. அதைப் போட்டால் பொத்தான் மாற்றும்போது ட்ரான்ஸ்போஸையோ தாளத்தையோ மட்டும் மாறாமல் பிடித்து வைக்கலாம். நல்ல வசதி. ஆனால் இங்கே கீர்த்தனைக்கு ஒரு சுருதி, பாமாலைக்கு ஒரு சுருதி என்று ஒவ்வொரு பொத்தானும் மாறித்தான் ஆக வேண்டும். பிடித்து வைத்தால் புதுக் குழப்பம் வரும். மேடைக் கச்சேரிக்குப் போகும்போது போட்டுக்கொள், கோயிலில் வேண்டாம் என்று சொன்னோம்.

பென்டிரைவில் இருந்த தாளத்தைக் கருவியின் உள்நினைவுக்கே மாற்றி, ஐந்தாம் பொத்தானை அங்கிருந்து புதிதாகச் சேமித்தோம். மெமரியை அழுத்தினால் வேலை பாதிதான் முடிந்தது, பேங்கையும் சேமிக்க வேண்டும் என்று டேப்பில் எழுதி மெமரி பொத்தானுக்கு மேலேயே ஒட்டினோம். மூன்று பேங்கின் பிரதியும் என் கம்ப்யூட்டரில் ஒன்று, தம்பியிடம் ஒன்று. ஆராதனைக்கு அரை மணி முன்னால் ஒன்று முதல் ஏழு வரை எல்லாப் பொத்தானையும் ஒருமுறை அழுத்தி, ஒவ்வொன்றிலும் ஒரு கார்டு பிடித்துப் பார்ப்பது என்றும் முடிவானது. ஏழுக்கும் சேர்த்து ஒரு நிமிஷம்கூட ஆகாது.

டிசம்பர் 31 இரவு ஆராதனையில் அதே சிறப்புப் பாடலைப் பாடச் சொன்னார் ஐயர், எங்கள் சபைப் போதகர். விளக்கை அணைத்தார்கள். அண்ணாச்சி நாலை அழுத்தினார். திரையில் +1 வந்தது. அவர் என்னைப் பார்த்தார், நான் வில்லை வைத்தேன், இரண்டு பேரும் ஒன்றாக எடுத்தோம்.

பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை தம்பி ஒரு புது நோட்டோடு வந்தான். முதல் பக்கத்தில் தன் பேங்கின் பெயர், கீழே ஒன்று முதல் எட்டு வரை எண் போட்டிருந்தது. அண்ணாச்சி பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு பொத்தானாக அழுத்தி, அவன் காதில் விழுவதை அவன் வாயாலேயே சொல்லச் சொல்லி எழுத வைத்துக்கொண்டிருந்தார்.